ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியங்கொட்டை

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். உடன்குடிப் பக்கம் என் அம்மா வீட்டுத் திண்ணையில் புளி உடைத்துக் குவித்திருந்தார்கள். கொட்டையைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மா, அதில் நாலைந்தை எடுத்துக் கழுவித் துடைத்து, காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "ஒரு மணி நேரம் ஒட்டி வச்சிருந்தா ஒரு கொட்டை. கொட்டை சேரச் சேரக் கண்ணு தெளியும், என்ன தாயி?"

என் மகள் தலையாட்டவில்லை. வலது கண்ணை மூடி ஒட்டியிருந்த தோல்நிறப் பட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. நன்றாகத் தெரியும் கண்ணை அடைத்துவிட்டு, சரியாகத் தெரியாத கண்ணால் பார் என்கிறார்கள். எந்தப் பிள்ளைதான் சம்மதிக்கும்? அன்றைக்கு முதல் கொட்டை விழுவதற்குள் அவள் இரண்டு முறை அழுதாள், நான் ஒரு முறை அழுதேன்.

விஷயம் தெரியவந்தது அதற்கு முந்தைய டிசம்பரில். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தபோது கடைசி வரி வரைக்கும் ஆங்கில 'ஈ' எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று மளமளவெனக் கையால் காட்டினாள். வலது கண்ணை மூடியதும் மேலிருந்து இரண்டு வரியோடு கை நின்றுவிட்டது. கண் மருத்துவமனையில் அளந்து 6/36 என்று எழுதினார்கள். சாதாரணக் கண் 36 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை, அவளுடைய இடது கண் 6 மீட்டருக்குக் கிட்டே வந்தால்தான் படிக்கிறது என்று அதற்குப் பொருள்.

பெற்ற தாய்க்கே தெரியாமல் போகுமா என்று பலர் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டு பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன். போகும் என்பதுதான் உண்மை. மாறுகண் இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். இவளுக்கு அது கிடையாது. இரண்டு கண்ணும் நேராக, அழகாக, பளிச்சென்று இருந்தன. ஓடினாள், படம் வரைந்தாள், கீழே கிடந்த ஊசியை எனக்கு முன்னால் கண்டெடுத்தாள். எல்லா வேலையையும் ஒற்றை வலது கண்ணே செய்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய குழந்தைக்கு, தனக்குக் குறை இருப்பதாகச் சொல்லத் தெரியாது. உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றுதானே அது நினைக்கும்!

கண்ணுக்குள் நடந்தது இதுதான். அவளுடைய வலது கண்ணுக்கு அநேகமாகப் பவரே இல்லை. இடது கண்ணுக்குப் பிளஸ் 4.5. பிளஸ் பவர் உள்ள கண் கொஞ்சம் குட்டையானது. வெளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் வந்து குவியாமல் அதற்குப் பின்னால் குவியப் பார்க்கும். குழந்தைகளின் கண்ணில் உள்ள லென்ஸ் நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால், உள்ளிருக்கும் தசை கொஞ்சம் முக்கினால் இந்தக் குறையைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் இரண்டு கண்ணின் தசையும் ஒரே கட்டளைக்குத்தான் அசையும். ஒன்று எவ்வளவு முயல்கிறதோ அவ்வளவுதான் மற்றதும் முயலும். வலது கண்ணில் படம் தெளிந்த நொடியிலேயே மூளை முயற்சியை நிறுத்திவிடுகிறது. இடது கண்ணுக்கு இன்னும் 4 பவர் பாக்கி இருக்கிறது என்பது அதன் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே பக்கத்தில் பார்த்தாலும் தூரத்தில் பார்த்தாலும் இடது கண்ணுக்குத் தெளிவான படம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. மைனஸ் பவர் மிதமாக இருக்கும் கண்ணுக்கு இந்தக் கதி இல்லை. அதற்குக் கிட்டத்தில் இருக்கும் பொருளாவது தெளிவாகத் தெரியும்.

இத்தோடு முடிந்தால் கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகியிருக்கும். முடியவில்லை. சரியான கண்ணாடியைப் போட்டபிறகும் அவளால் அந்த இரண்டு வரிக்குக் கீழே போக முடியவில்லை. இப்போது விழித்திரையில் தெளிவான படம் விழுகிறது. அதைப் படிக்க வேண்டியது மூளை. ஆறு வருஷமாக மங்கலான சரக்கையே அனுப்பிக்கொண்டிருந்த கண்ணை, மூளை எப்போதோ ஒதுக்கி வைத்துவிட்டது.

இந்த ஒதுக்கலை முதலில் கண்முன் காட்டியவர்கள் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும். ஹார்வர்டில், 1960களின் தொடக்கத்தில், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் தையலைப் பிரித்துப் பார்த்தால் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் பிடரிப் பக்கம், பார்வைக்கென்று இருக்கும் மூளைப் பகுதியில், அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. அதற்கு உரிய இடத்தையெல்லாம் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது இந்த மாற்றம் நேரவில்லை. இளம் மூளைக்கு மட்டும் அப்படியொரு பருவம் இருக்கிறது. அந்தப் பூனைக்குட்டிகளை நினைத்தால் மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது. என் மகளுக்குக் கிடைத்த சிகிச்சைக்கான விளக்கம் அவற்றின் கண்வழியாக வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களுடைய ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு முடிவு. இரண்டு கண்ணையும் சேர்த்தே மூடி வளர்த்த குட்டிகளில், சேதம் இரட்டிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இல்லை. கணிசமான செல்கள் இரண்டு கண்ணுக்கும் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் வேலை இல்லாமல் இருந்ததால் மட்டும் ஒரு கண் இடத்தை இழக்கவில்லை. பக்கத்தில் இருந்த கண் வேலை செய்துகொண்டே இருந்ததால் இழந்தது. பாகப்பிரிவினையில் வாய்பேசாத தம்பியின் வயலை அண்ணன் வரப்பு வரப்பாகத் தள்ளிக்கொண்டு போவதுபோல.

அதனால்தான் ஊரில் சொல்லும் 'சோம்பேறிக் கண்' என்ற பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. மருத்துவத்தில் ஆம்பிளியோபியா என்கிறார்கள். மழுங்கிய பார்வை என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். அது தேவலை. சோம்பேறி என்ற வார்த்தை குழந்தையின் காதில் விழுகிறது. "என் கண்ணு சோம்பேறியாம்மா?" என்று என் மகள் கேட்டாள். "இல்ல பாப்பா, அதுக்கு யாரும் வேலையே குடுக்கல" என்றேன்.

வரப்பைத் திருப்பித் தள்ள முடியுமா? 1974இல் காலின் பிளேக்மோரும் அவருடைய சக ஆய்வாளரும் பூனைக்குட்டிகளில் அதையும் பார்த்தார்கள். மூடியிருந்த கண்ணைத் திறந்து, திறந்திருந்த கண்ணை மூடினார்கள். குட்டி இளசாக இருக்கும்போதே செய்தால், இழந்த இடம் முதல் கண்ணுக்குத் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால் இந்த வைத்தியம் மனிதர்களிடம் அதற்கு முன்பே இருநூறு வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோன் 1743இலேயே, மாறுகண் உள்ளவர்களுக்கு ஒரு கண் பலவீனமாக இருக்கிறது, நல்ல கண்ணை மறைத்து வைத்தால் மற்றது தேறும் என்று எழுதிவிட்டார். ஏன் தேறுகிறது என்பதற்குத்தான் பூனைகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் டாக்டர் எடுத்ததும் கண்ணை மூடச் சொல்லவில்லை. முதலில் கண்ணாடி மட்டும், தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் போக எப்போதும் என்றார். நான்கு மாதம். தெளிவான படம் நாள் முழுக்க வந்து விழுந்தாலே ஒதுக்கப்பட்ட கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். சுமார் நான்கில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடியே போதுமானதாகிவிடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. என் மகளுக்கு 6/36 ஏப்ரலில் 6/24 ஆயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. "லீவு விடப் போகுது இல்லையா? இனிமே ஒட்டலாம். தினமும் நாலு மணி நேரம்" என்றார் டாக்டர்.

லீவு என்பதை அவர் சும்மா சொல்லவில்லை. வகுப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கரும்பலகை தெரியாது, கேலி வேறு. விடுமுறையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது. சொட்டு மருந்து என்று இன்னொரு வழி உண்டு. நல்ல கண்ணில் அட்ரோபின் விட்டால் அதற்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், பலவீனமான கண் வேலையை எடுத்துக்கொள்ளும். மிதமான குறைக்கு, ஆறு மாத முடிவில், ஒட்டு போட்டதற்கு ஏறக்குறைய நிகரான பலன் என்று 2002இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் அந்த மருந்து கண்பாவையை விரித்து வைத்துவிடும். சித்திரை வெயிலில், தேரிக்காட்டு மணல் தகதகக்கிற ஊரில், விரிந்த பாவையோடு ஒரு குழந்தை எப்படி வாசலுக்கு வரும்? ஒட்டுதான் என்று முடிவாயிற்று.

ஒட்டுவதில் ஒரு கைப்பக்குவம் வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணாடிமேல் துணி மாட்டினால் பிள்ளைகள் சட்டத்துக்கு மேலேயும் மூக்குப் பக்கமும் இடுக்கு வழியாக நல்ல கண்ணால் எட்டிப் பார்த்துவிடும். பார்த்துக்கொண்டே இருந்தோம் என்று நாம் நினைப்போம், கண் மூடியே இருந்திருக்காது. தோலில்தான் ஒட்ட வேண்டும். குறுகலான முனை மூக்கை நோக்கி இருக்க வேண்டும். மூக்கோரத்தில் ஒரு அரிசி அளவுகூட இடைவெளி விடக்கூடாது. முகம் ஈரமாக இருந்தால் பிடிக்காது. வியர்வை ஊறினால் பத்து மணிக்குள் ஒரு ஓரம் எழும்பும். அவள் கை அங்கேதான் போகும். நாங்கள் பழகிக்கொண்ட நேரம் காலை ஏழிலிருந்து பதினொன்று. குளிப்பாட்டி, முகத்தை ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, பிறகு ஒட்டினோம். எடுக்கும்போது ஓரங்களில் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, வெளிப்பக்கம் இருந்து மெல்ல உரித்தோம். அப்படியும் இரண்டாவது வாரம் கன்னத்தில் சிவந்து தடித்துவிட்டது. டாக்டரிடம் போனில் கேட்டு இரண்டு நாள் விட்டோம். அந்த இரண்டு நாளும் கொட்டை இல்லை.

நான்கு மணி நேரம் என்றால் நான்கு கொட்டை. பாதியில் பிய்த்துவிட்டால் அந்த மணிக்குக் கொட்டை கிடையாது. அம்மா இதில் கறாராக இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமலே ஒரு நல்ல ஆய்வுக்கூட வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிரிட்டனில் ஒரு குழு, குழந்தைகளின் ஒட்டோடு சின்ன மின்னணுக் கருவியை இணைத்து, கண் உண்மையில் எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று அளந்தது. ஒரு பிரிவுக்கு நாளைக்கு 6 மணி நேரம், மற்றொன்றுக்கு 12 மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். கருவி காட்டியது சராசரியாக 4.2 மணியும் 6.2 மணியும்தான். இரண்டு பிரிவிலும் பார்வை ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. வீட்டில் எல்லாரும் சொன்னபடி செய்ததாகத்தான் நம்பியிருப்பார்கள். மருந்துச் சீட்டில் எழுதும் நேரம் வேறு, கண்ணில் ஏறும் நேரம் வேறு. இதே குழுவின் அளவைகளிலிருந்து வந்த இன்னொரு கணக்கை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்: பலகையில் ஒரு வரி கீழே இறங்க ஏறத்தாழ 120 மணி நேரம். மிதமான குறை உள்ள குழந்தைகளுக்கு நாளைக்கு 2 மணி நேரம் ஒட்டினாலும் 6 மணி நேரம் ஒட்டினாலும் நான்கு மாதத்தில் கிடைக்கும் பலன் சமம் என்று 2003இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னதும் அந்த இரண்டு பிரிவும் ஒரே அளவு தேறியதோடு ஒத்துப்போகிறது. எத்தனை மணி என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், நாமாகக் கூட்டக் கூடாது. அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண் பின்தங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. சொன்ன நேரம் உண்மையான நேரமாக இருப்பதற்கு மட்டும் வீட்டில் உள்ளவர்கள்தான் பொறுப்பு.

அந்த நான்கு மணி நேரத்தில் அவளை என்ன செய்யவைப்பது? முதல் வாரம் படப்புத்தகம் கொடுத்தேன். தூக்கி எறிந்தாள். "எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்மா." சும்மா சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இப்படி ஒதுக்கப்பட்ட கண்ணின் முக்கியமான அடையாளமே நெரிசல்தான். ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டினால் படித்துவிடும். அதே அளவு எழுத்தை வரிசையில் மற்ற எழுத்துகளோடு வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். தனித்தனி எழுத்தாகக் காட்டிச் சோதித்தால் குறை இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும் என்பதால், பரிசோதனையில் வரிசையாகவோ சுற்றிலும் கோடு போட்டோ காட்டுகிறார்கள்.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்தபோது இவளையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். "ஏட்டி, இந்தப் புள்ளியில இருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழு." சாதாரணமாக அம்மா புள்ளி வைத்தால் மூன்று விரல் இடைவெளிதான் இருக்கும். அன்றைக்கு இவளுக்கு அது ஒரே மாவுத் திட்டாகத் தெரிந்திருக்கிறது. குனிந்து குனிந்து பார்த்தவள் இரண்டு புள்ளிக்கு நடுவில் விரலை வைத்துத் தடவினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. காலால் அழித்துவிட்டு ஒரு சாண் இடைவெளியில் மறுபடி புள்ளி வைத்தார்கள். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. அவள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மாவு சிந்தச் சிந்த, முதல் கோட்டை இழுத்தாள். புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டிய கோடு புள்ளிமேலேயே ஏறிப் போனது. இரண்டாவது கோடு கொஞ்சம் விலகிப் போனது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வைகாசி பிறந்து பத்து நாள் ஆனபோது நான்கு விரல் இடைவெளியில் ஏழு புள்ளிக் கோலம் ஒன்றைத் தனியாக முடித்தாள்.

கோலம்தான் கண்ணைக் குணப்படுத்துகிறது என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். ஒட்டு போட்ட நேரத்தில் கிட்டத்தில் பார்க்கும் வேலை செய்கிற குழந்தைகளையும் தூரத்தில் பார்க்கும் வேலை செய்கிற குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. வித்தியாசம் எதுவும் இல்லை. எதைப் பார்த்தாலும் சரி, விழித்துக்கொண்டு எதையாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் படித்தபோது முதலில் ஏமாற்றம், பிறகு பெரிய நிம்மதி. அரிசியில் கல் பொறுக்குவது, தாயம், பல்லாங்குழி, நுங்குக் கூந்தலில் குச்சி சொருகி வண்டி செய்து முற்றத்தில் உருட்டுவது எல்லாமே சிகிச்சைதான். கோலத்தின் பெருமை என்னவென்றால், அதில் மூழ்கியிருந்த நேரத்தில் அவள் கை ஒட்டுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளும் வீடியோக்களும் வந்திருக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டி இணைத்துப் பார்க்கவைப்பவை. 2021இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட வீடியோ முறை ஒன்றுக்கு அரசு அனுமதி கிடைத்தது. நல்ல முயற்சி. ஒட்டை ஓரங்கட்டும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

ஒட்டு போட்ட நேரத்தில் கிணற்றடிக்கும் மாடிக்கும் தெருவுக்கும் அவளைத் தனியே விடவில்லை. அந்த நேரத்தில் அவள் உண்மையிலேயே பார்வை குறைந்த குழந்தை. படி எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் காலை வைப்பாள். கோபம் வருவதும் அதனால்தான். ஒரு நாள் என் கண்ணில் பிசுபிசுவென்று மங்கிய பழைய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவளை அதட்டவில்லை.

அம்மாவும் தொடக்கத்தில் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை. "நம்ம குடும்பத்துல யாருக்குளா கண்ணாடி? பிள்ளைக்கு நல்லாத்தான தெரியுது" என்றவர்கள்தான். அவர்கள் மனசு மாறியதற்கு டாக்டரும் நானும் காரணமில்லை. அவர்களுடைய சித்தப்பா ஒருவர் நினைவு வந்துவிட்டது. அவருக்கு மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை உண்டு. கடை திறந்தால் முதல் போணிக்கு அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு கண் இரண்டு பக்கம் பார்த்தால் இரண்டு படம் தெரிய வேண்டும். அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கக் குழந்தையின் மூளை ஒரு கண்ணின் படத்தை அணைத்துவிடும். அப்படி அணைந்த கண் அது. யாருக்கும் தெரியாது. பனையேறும்போது ஒரு நாள் மட்டைக் கருக்கு அவருடைய நல்ல கண்ணைக் கிழித்துவிட்டது. அதோடு பனையேற்றம் போயிற்று. "அப்ப எங்களுக்கு என்ன தெரியும், அதிர்ஷ்டக் கண்ணுன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்" என்று அம்மா சொன்னபோது குரல் கம்மிவிட்டது. மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒரு குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வயது கடந்துவிட்டதே என்று கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழு வயதுக்குமேல் பலன் இல்லை என்று வெகுகாலம் நம்பப்பட்டது உண்மைதான். 7 முதல் 17 வயதுள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. 7 முதல் 12 வயதுக்காரர்களில் கண்ணாடியோடு ஒட்டும் மற்ற சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். அதற்கும் மேற்பட்ட வயதில், முன்பு சிகிச்சையே பார்த்திராத பிள்ளைகளுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. ஆய்வாளர் பவன் சின்ஹா நம் நாட்டில் நடத்தும் பிரகாஷ் திட்டம் இதைவிட ஆச்சரியம். பிறவியிலேயே புரை மூடிப் பார்வை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள், எட்டு வயதுக்கும் மேல் அறுவை செய்துகொண்டு, மெல்ல மெல்லப் பொருள்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை. வயது ஏற ஏறக் கனக்கிறது. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதே மேல். வீட்டிலேயே பார்க்கலாம்: விளையாட்டுப்போல ஒரு கண்ணைப் பொத்துங்கள், பிறகு மற்றதை. ஒன்றைப் பொத்தும்போது பேசாமல் இருக்கும் குழந்தை மற்றதைப் பொத்தியதும் கையைத் தட்டிவிட்டால், மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

மே மாதக் கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினோம். நாற்பது நாளுக்கு 160 இருக்க வேண்டும். 134 இருந்தது. கன்னம் தடித்த இரண்டு நாள், காய்ச்சல் ஒரு நாள், அம்மன் கோயில் கொடைக்கு இரண்டு நாள், மீதி அழுகையில் போனது. பாட்டிலின் அடி மூடியதோடு சரி. அவளே பத்துப் பத்தாகக் குவித்து வைத்து எண்ணினாள். அப்போதும் காலை பத்து மணி, வலது கண்ணில் ஒட்டு. கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தும் எண்ணிக்கை தவறவில்லை.

ஜூன் முதல் வாரம் டாக்டரிடம் போனோம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். 6/24 வரியைத் தயங்காமல் காட்டினாள். அடுத்தது 6/18. முதல் எழுத்துக்கு வலது பக்கம் காட்டினாள், இரண்டாவதற்கு மேலே. மூன்றாவதில் நின்றாள். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்க்காமல், மெதுவாகக் கீழே காட்டினாள். நான் மூச்சு விட்டேன். ஒரு வரி. பிறகு இரண்டு கண்ணையும் திறந்து, கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு, பெரிய ஈ ஒன்றின் படத்தை நீட்டினார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் குழந்தைக்கு அந்த ஈயின் இறக்கை தாளைவிட்டு மேலே எழும்பித் தெரியும். பிடிக்கச் சொன்னால் அந்தரத்தில் கிள்ளும். என் மகளின் விரல் தாளில் போய் ஒட்டியது. "இது வர நாளாகும். தொடர்ந்து செய்யுங்க" என்று சொல்லி, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். பார்வை தேறியதும் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தியவர்களில் நாலில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் பார்வை மறுபடி இறங்கிவிடுகிறது, மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மடியில் இருந்த பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஆச்சிட்ட இன்னும் கொட்டை இருக்காம்மா?"

போன் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அம்மா சொன்னது எனக்கும் கேட்டது: "கோணிப்பை நெறைய இருக்கு தாயி. எல்லாம் உனக்குத்தான்."